தூரில் காளான் கண்ட மரத்துக்கு எந்தச் சோதனை: தட்டுவதா, துளைப்பதா, ஒலிப்படமா, இழுத்துப் பார்ப்பதா?

நிற்கிற மரத்தின் தூரில் காளான் தட்டு ஒன்று முளைத்தால் பெரும்பாலோர் முதலில் செய்வது அதைப் பெயர்த்து எறிவதுதான். மரத்துக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. மாங்காயைப் பறித்துவிட்டால் மாமரம் பட்டுப்போவதில்லையே! வெளியே தெரிகிற தட்டு பூஞ்சையின் காய் மாதிரி. அதன் உடல் இழை இழையாகக் கட்டைக்குள் ஓடிக் கிடக்கிறது. பெயர்த்து எறிவதால் நடப்பது ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பது எந்தப் பூஞ்சை என்று சொல்லக்கூடிய சாட்சி குப்பைக்குப் போய்விடுகிறது.

மரத்தை அப்படியே விடலாமா, தலையைக் குறைத்து வைத்துக்கொள்ளலாமா, வெட்டித்தான் ஆகவேண்டுமா என்று முடிவெடுக்க, எவ்வளவு இற்றுப்போயிருக்கிறது என்பதைவிட எவ்வளவு நல்ல கட்டை மிச்சமிருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியவேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஐந்து வழிகள் நடைமுறையில் உள்ளன. கண்ணும் சுத்தியும் கம்பியும் ஒன்று. ஊசித் துளைப்பு, ஒலிப்படம், இழுவைச் சோதனை, ஆய்வகம் என்பவை மற்றவை. விலை கூடிய கருவி நல்ல பதிலைத் தரும் என்ற நினைப்பில் பலர் நேராக ஒலிப்படத்துக்குப் போகிறார்கள். ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்வி என்பதை முடிவு செய்வது பூஞ்சையின் வகையும் மரத்தில் அது வந்திருக்கும் இடமும்தான்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வது

மரத்தின் கட்டையை இரண்டு பொருட்கள் சேர்ந்து தாங்குகின்றன. செல்லுலோஸ் இழுவிசையைத் தாங்கும் நார். லிக்னின் அந்த நாரைப் பிடித்து நிறுத்தும் பசை. கட்டைக்கு விறைப்பைத் தருவது அது. எதைப் பூஞ்சை தின்கிறது என்பதை வைத்து அழுகலை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

பழுப்பு அழுகலில் செல்லுலோஸ் போய் லிக்னின் மிஞ்சும். கட்டை செம்பழுப்பாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டிகளாக உடையும். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் பொடியாகும். நார் போய்விட்டதால் இந்த மரம் முன்னறிவிப்பில்லாமல் பட்டென்று முறியும். கந்தக மஞ்சள் நிறத்தில் அடுக்கடுக்காக வரும் லேட்டிபோரஸ் இந்த வகை. வெள்ளை அழுகலில் லிக்னினும் போகிறது. கட்டை வெளுத்து, நார் நாராகவோ பஞ்சு போலவோ ஆகிவிடும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மரம் அந்த வளைவை உணர்ந்து, பலவீனமான இடத்தைச் சுற்றிக் கூடுதல் கட்டையைப் போடும். அடிமரம் பாட்டில் மாதிரிப் பருத்திருந்தால் உள்ளே வெள்ளை அழுகல் இருக்கலாம் என்று சந்தேகப்படுவது இதனால்தான். மூன்றாவது மென் அழுகல். கிரெட்ஸ்மேரியா டியூஸ்டா இதற்குப் பேர்போனது. பீச், மேப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்களின் தூரில் கரி அப்பியது போல் மொறமொறப்பான கறுப்புப் பொருக்காக இருக்கும். யாரோ அங்கே தீ மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து போவார்கள். இதனால் முறிந்த மரத்தின் முறிவைப் பார்த்தால் மண்சட்டி உடைந்த மாதிரி வழவழவென்று இருக்கும், நாரே தெரியாது.

வெப்ப நாடுகளில் அடிக்கடி பார்க்கக்கூடியது கானோடெர்மா. இதைப் பக்கத்தில் குனிந்து பார்த்துப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தட்டின் மேல்புறம் பழுப்பு. சில இனங்களில் வார்னிஷ் அடித்தது போல் பளபளக்கும், சிலவற்றில் மங்கி, மேடும் பள்ளமுமாக வரி வரியாக இருக்கும். வளரும் விளிம்பு வெள்ளை. அடிப்புறம் புதிதாக இருக்கும்போது வெள்ளை; ஊசிமுனை அளவுத் துளைகள் நெருக்கமாக இருக்கும். அதை நகத்தால் ஒரு கோடு கீறினால் அந்தக் கோடு உடனே பழுப்பாகும். தட்டின் மேலும் சுற்றியுள்ள பட்டையிலும் செடிகளிலும் கோகோப் பொடி தூவியது மாதிரித் தூள் படிந்திருக்கும், அதுதான் வித்துத்தூள். அடிப்புறம் பழுப்பாக, கீறினாலும் வெள்ளை தெரியாமல், பொடியும் படியாமல், மரக்கட்டை போல் கெட்டியாக இருந்தால் ஃபெல்லினஸ் வகையாக இருக்கலாம். தட்டு காய்ந்து பழையதாகிவிட்டால் இந்த அடையாளங்களில் பாதி போய்விடும். புதிதாக ஒன்று வரும்வரை காத்திருப்பதே நல்லது.

தனியாகச் சொல்லவேண்டியது ஃபெல்லினஸ் நாக்சியஸ். இ.ஜே.எச். கார்னர் 1932-ல் ஃபோமஸ் நாக்சியஸ் என்ற பெயரில் விவரித்தது. இப்போது பைரோடெர்மா நாக்சியம் என்றும் எழுதுகிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட மர, செடி இனங்களைத் தாக்கும் பழுப்பு வேரழுகல் நோய் இதனால் வருகிறது. இதில் தட்டைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மண்ணிலிருந்து அடிமரத்தில் காலுறை போட்டது போல் ஒரு கரும்பழுப்புப் பொருக்கு மேலேறும். அதன் மேல்விளிம்பு பாலேடு நிறத்தில் இருக்கும். வேரைத் தோண்டினால் மண்ணும் பொடிக்கல்லும் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். கட்டைக்குள் தேன்கூடு மாதிரிப் பழுப்புக் கோடுகள் ஓடும். வேரும் வேரும் தொடுகிற இடத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவிவிடும். எனவே இங்கே ஒரு மரத்தைப் பற்றி மட்டும் முடிவெடுத்தால் போதாது.

ஆர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சையை அறியப் பட்டையைக் கொஞ்சம் நீக்கிப் பார்க்கவேண்டும்: பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வெள்ளைத் தோல் போன்ற படலம், நல்ல காளான் வாசனையோடு. சில சமயம் ஷூ லேஸ் மாதிரிக் கறுப்பு இழைகள் வேரைச் சுற்றி ஓடும்.

பயப்படத் தேவையில்லாதவையும் நிறைய உண்டு. சாம்பல் வெள்ளை விசிறி போல ஓரிரு சென்டிமீட்டரில் வரும் ஷைஸோஃபில்லம், வெயில் சுட்டுப் பட்டை செத்த இடத்தில்தான் பெரும்பாலும் வரும். காதுக் காளான் செத்த கிளையில் வரும். பட்டையில் படரும் லைக்கன் அழுகலே அல்ல. மரத்தடி மண்ணில் குடை விரிக்கும் புற்றுக்காளான் கரையான் புற்றிலிருந்து வருகிறது. அதற்கும் மரத்தின் உடல்நலத்துக்கும் சம்பந்தமில்லை.

இன்னும் ஒன்று. இலை பச்சையாக, அடர்த்தியாக இருப்பதை வைத்து மரம் பலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. தண்ணீர் ஏறுவது வெளிப்பக்கச் சாற்றுக்கட்டை வழியாக. வைரம் முழுவதும் இற்றுப்போனாலும் இலைக்கு அது தெரியாது. தளதளவென்று நிற்கும்போதே விழுந்த மரங்களின் கதை இதுதான்.

கண், சுத்தி, கம்பி

இதைத் தாண்டாமல் எந்தக் கருவிக்கும் போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. தேவை: நைலான் தலை வைத்த சுத்தி, 5 மி.மீ. தடிமனில் முனை மழுங்கிய, முக்கால் மீட்டர் நீள எஃகுக் கம்பி, அளவுநாடா, சாக்பீஸ். இரும்புச் சுத்தி பட்டையைக் காயப்படுத்தும். தன் சொந்த ஓசையையும் கலந்துவிடும். ரப்பர் சுத்தி அடியை உறிஞ்சிவிடும்.

நல்ல கட்டை என்று சந்தேகமில்லாமல் தெரியும் ஓரிடத்தில் முதலில் தட்டிக் காதைப் பழக்குங்கள். பிறகு மண்மட்டம், முழங்கால் உயரம், நெஞ்சு உயரம் என மூன்று சுற்று, ஒரு சாணுக்கு ஒரு தட்டு. கணீரென்ற ஓசை மத்தளம் போல் தொம்மென்று மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் குழியின் உருவம் தோராயமாகத் தெரியும்.

இரண்டு இடத்தில் காது ஏமாறும். பட்டை கட்டையை விட்டுக் கழன்றிருந்தால் உள்ளே ஒன்றுமில்லாமலேயே தொம்மென்று கேட்கும். பலகை வேர்களும் இயல்பிலேயே அப்படித்தான் ஒலிக்கும். எதிர்ப்பக்கமாகவும் ஏமாறும்: குழியைச் சுற்றி நல்ல கட்டை கனமாக இருந்தால் ஓசை மாறவே மாறாது. அதாவது சுத்தி தொம்மென்றால் மேலே விசாரிக்கவேண்டும். சுத்தி கணீரென்றால் விசாரணை முடிந்தது என்று பொருளல்ல.

கம்பியின் வேலை தூரில்தான் அதிகம். இரண்டு வேர்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மண்ணை 10–15 செ.மீ. விலக்கி, கை பலத்தால் மட்டும் அழுத்துங்கள். நல்ல கட்டையில் கம்பி நிற்கும். இற்ற கட்டையில் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும். அப்போது ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுத்தியால் அடித்து இறக்கினால் நல்ல கட்டையிலும் இறங்கும், அந்த அளவுக்கு அர்த்தமில்லை. மரத்தின் தூர் மண்ணுக்குள் விரிந்து இறங்காமல் மின்கம்பம் மாதிரி நேராக இறங்கினால் மேலே மண் கொட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். உண்மையான தூர் கீழே புதைந்திருக்கிறது. அழுகல் பல சமயம் அங்கேதான் இருக்கும். காற்றுப் பீய்ச்சி மண்ணை விலக்கினால் வேர் அறுபடாது. மண்வெட்டி போட்டால் நாமே புது வாசல் திறந்துவிடுவோம்.

ஊசித் துளைப்பு

ரெசிஸ்டோகிராஃப் என்று பொதுவாக அழைக்கப்படும் கருவி, 1.5 மி.மீ. தண்டும் 3 மி.மீ. முனையும் கொண்ட நீண்ட ஊசியைச் சீரான வேகத்தில் சுழற்றிக் கட்டைக்குள் செலுத்தி, எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்பதைக் கோடாக வரைகிறது. இதன் பலம் ஒன்றில் இருக்கிறது: அந்தத் திசையில் நல்ல கட்டை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்தே சொல்லிவிடும். சுத்தி குறித்த கோட்டின் நடுவிலும் ஓரத்திலுமாக மூன்று நான்கு துளைகள் போதும். தூரில் துளைக்கும்போது வேர்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்துத் துளைக்கவேண்டும்.

வரைபடத்தைப் படிப்பதில்தான் சறுக்குகிறார்கள். கோடு மேலே இருந்து திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்து அங்கேயே தட்டையாக ஓடினால் குழி. சரிவாக மெல்ல இறங்கினால் அழுகல் பரவிக்கொண்டிருக்கும் ஓரம். ஊசி அகலத்துக்கு ஒரு வெட்டு மட்டும் விழுந்து மறுபடி ஏறினால் விரிசல். மரத்தின் நடுவில் இளமைக் கட்டை இயல்பாகவே மென்மையாக இருப்பதால் அங்கே கோடு கொஞ்சம் தாழும். அதை அழுகல் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஆழம் போகப் போகத் தண்டு துளையின் சுவரில் உரசும். அந்த உராய்வு கோட்டைத் தூக்கிக் காட்டி, உள்ளே உள்ள மோசமான கட்டையை நல்லதாகக் காட்டும். முருங்கை, இலவம் போன்ற மென்கட்டை மரங்களில் கோடு முழுவதுமே தாழ்வாக ஓடும். இதையெல்லாம் சமாளிக்க ஒரே வழி, அதே மரத்தில் சந்தேகமில்லாத இடத்தில் ஒரு துளை போட்டு அதை அளவுகோலாக வைத்துக்கொள்வது. இந்த ஒப்புத்துளை இல்லாத அறிக்கையை நாங்கள் பாதி அறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

மரத்துக்குக் காயமாகாதா என்று கேட்பார்கள். ஆகும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ, 1977-ல் தன் சகாவோடு வெளியிட்ட விளக்கம் இன்றும் இந்தத் துறையின் அடித்தளம்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றி மதில்களை எழுப்பி அடைத்துவைக்கிறது. ஊசி அந்த மதிலைத் துளைத்துத்தான் போகிறது. மூன்று மில்லிமீட்டர்த் துளைகள் நான்கைந்தால் மரம் விழுந்துவிடாது. ஆனால் வருடாவருடம் ஒரே இடத்தில் துளைப்பது முட்டாள்தனம். 5 மி.மீ. கட்டைத்துண்டையே உருவியெடுக்கும் துளைக்கருவியை இதற்குப் பயன்படுத்துவதை நாங்கள் ஆதரிப்பதில்லை. காயம் பெரிது, கிடைக்கும் செய்தி சிறிது. ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஊசியை ஆல்கஹாலால் துடைக்கவும்.

ஒலிப்படம்

அடிமரத்தைச் சுற்றி எட்டு முதல் பன்னிரண்டு உணரிகளை ஒரே மட்டத்தில் பொருத்தி, ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டி, ஒலி மற்ற உணரிகளுக்கு வந்துசேரும் நேரத்தை அளந்தால் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கிடைக்கும். ஒலி நல்ல கட்டையில் நேராக ஓடும்; குழியைச் சுற்றிப் போகவேண்டியிருந்தால் நேரமாகும். துளைப்பு ஒரு கோட்டைக் காட்டும். இது அந்த மட்டத்தின் முழுப் பரப்பையும் காட்டும். குழி நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும்.

படம் வண்ணத்தில் வருவதாலேயே அதை எக்ஸ்-ரே மாதிரி நம்பிவிடுகிறார்கள். அது எக்ஸ்-ரே அல்ல, கணக்குப் போட்டு வரைந்த சித்திரம். கணக்கில் ஓட்டை விழும் இடங்கள் இவை. உணரியின் ஆணி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொடாவிட்டால் எல்லா நேரமும் கூடும். உணரிகளுக்கிடையே உள்ள தூரத்தைக் காலிப்பரால் சரியாக அளக்காமல், மரத்தை வட்டம் என்று எடுத்துக்கொண்டால் படம் கோணும். தூரில், வேர்கள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும் மட்டத்தில், ஒலி பள்ளங்களைச் சுற்றி வருவதால் இல்லாத குழி தெரியும். ஒரே ஒரு ஆழமான விரிசல் போதும், ஒலி அதைச் சுற்றிப் போய் நடுவில் பெரிய பொந்து இருப்பதாகப் படம் சொல்லிவிடும்; இரு கவைகளுக்கு நடுவில் பட்டை உள்ளே மடங்கியிருந்தாலும் அப்படியே. அதைவிட ஆபத்தானது எதிர்ப்பக்கத் தவறு: பல கருவிகள் அந்த மட்டத்தில் கண்ட அதிக வேகத்தை நல்ல கட்டைக்கான அளவாக வைத்து வண்ணம் தீட்டுகின்றன. குறுக்குவெட்டு முழுவதும் ஒரே சீராகப் பலம் குறைந்திருந்தால் முழுவதும் நல்ல நிறத்தில் வரும். கிரெட்ஸ்மேரியா போன்ற மென் அழுகலின் தொடக்கத்தில் பலம் போனாலும் விறைப்பு சீக்கிரம் போவதில்லை. ஒலி வேகம் விறைப்பைத்தானே பார்க்கிறது? எனவே அந்தக் கரிப்பொருக்கு தெரிந்த மரத்தில் அழகான ஒலிப்படம் கிடைத்தால் சந்தோஷப்படக் கூடாது.

மின்தடைப் படத்தையும் அதே மட்டத்தில் எடுத்துச் சேர்த்துப் பார்த்தால் தெளிவு கூடும். அது ஈரத்தைக் காட்டும். ஒலி மெதுவாகவும் மின்தடை கூடுதலாகவும் இருந்தால் காய்ந்த குழி. ஒலி மெதுவாக, மின்தடை குறைவாக இருந்தால் ஈரமான, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் அழுகல். மின்தடைப் படம் இல்லாவிட்டால், ஒலிப்படம் சந்தேகம் காட்டும் இடத்தில் ஓர் ஊசித் துளை போட்டுச் சரிபார்ப்பது குறைந்தபட்சக் கடமை.

இழுவைச் சோதனை

மேலே சொன்ன எதுவும் மண்ணுக்குள் இருக்கும் வேரைப் பார்ப்பதில்லை. வேர் பிடிமானம் பற்றிக் கேள்வி வந்தால் இது ஒன்றுதான் நேரடிப் பதில். மரத்தின் மேல்பகுதியில் வடத்தைக் கட்டி, கை வின்ச்சால் மெல்ல இழுத்து, விசையை அளந்துகொண்டே தூரில் வைத்த சாய்வுமானியைப் பார்ப்பார்கள். தூர் சாய்வது 0.25 டிகிரியைத் தாண்டாமல் நிறுத்திவிட வேண்டும்; அதற்குள் கிடைத்த அளவுகளை வைத்து, புயற்காற்றின் கணக்கிட்ட விசையை வேர் தாங்குமா என்று மதிப்பிடுவார்கள். அடிமரத்தின் நார் எவ்வளவு நீள்கிறது என்பதைத் தனியாக அளந்தால் முறியும் வாய்ப்பும் தெரியும்.

மண் காய்ந்து கெட்டிப்பட்டிருக்கும் காலத்தில் இழுத்தால் பதில் நல்லதாகவே வரும். மரம் விழுவதோ மண் ஊறிய புயல் நாளில். சோதனை நாளின் மண் ஈரத்தை எழுதாத அறிக்கையில் முக்கியமான வரி விடுபட்டுவிட்டது. ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிட்டு நிறுத்துவதும் தவறு. காளான் தெரிகிற பக்கத்து வேர்கள் இழுபடும்படி, அதாவது எதிர்ப்பக்கமாக, ஒரு முறையாவது இழுக்கவேண்டும்.

ஆய்வகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயர் மட்டுமே அங்கிருந்து வரும், பலம் வராது. ஆனால் பக்கத்து மரங்களுக்குப் பரவக்கூடிய வேரழுகல் என்ற சந்தேகம் இருந்தால் அந்தப் பெயர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்யும், அப்போது டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவது வீண்செலவல்ல. துளைப்பரப்போடு சேர்த்துத் தட்டில் ஒரு புதுத் துண்டு, அழுகலின் ஓரத்திலிருந்து கட்டைத்துண்டு, இரண்டையும் தனித்தனிக் காகிதப் பையில் அனுப்பவும். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும், ஆய்வகம் அந்தப் பூசணத்தின் பெயரைச் சொல்லும்.

கணக்கு ஒன்று

அளந்து வந்த எண்ணை என்ன செய்வது? மார்பு உயரத்தில் சுற்றளவு 220 செ.மீ. உள்ள மரம் என்று வைத்துக்கொள்வோம். 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 70 செ.மீ. பட்டை இரண்டு பக்கமும் 2 செ.மீ. வீதம் கழித்தால் கட்டையின் விட்டம் 66, ஆரம் 33. ஜெர்மன் இயற்பியலர் கிளாவ்ஸ் மத்தெக் பிரபலப்படுத்திய விதிப்படி நல்ல சுவரின், அதாவது குழியைச் சுற்றி மிஞ்சிய நல்ல கட்டையின், தடிமன் ஆரத்தில் 0.3 பங்குக்குக் கீழே போனால் முறியும் ஆபத்து ஏறத் தொடங்கும். 33-ல் அது சுமார் 10 செ.மீ.

குழி நடுவில் வட்டமாக இருந்தால் வளைவைத் தாங்கும் பலத்தில் எவ்வளவு போயிற்று என்பதைக் குழியின் விட்டத்தை மரத்தின் விட்டத்தால் வகுத்து, வந்த எண்ணை நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கண்டுபிடிக்கலாம். சுவர் 16.5 செ.மீ. என்றால், அதாவது பாதி ஆரம் பொந்தாகிவிட்டால், இழப்பு 6 சதவீதம்தான். சுவர் 10 செ.மீ. என்றால் 24 சதவீதம். 5 செ.மீ. என்றால் 52 சதவீதம். பொந்து விழுந்த கிழமரங்கள் நூற்றாண்டுகள் நிற்பதும், கடைசிச் சில சென்டிமீட்டர்களில் எல்லாம் தலைகீழாவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஓர் அளவு பிசகினால் 10-க்குப் பதில் 8 என்று வரக்கூடும் என்பதால் ஒரே துளையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இந்த விதி எங்கே செல்லாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொந்தின் வாய் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டித் திறந்திருந்தால், குழி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், மிஞ்சிய சுவரில் பழுப்பு அழுகல் ஓடியிருந்தால் இதை எடுத்து நீட்டக் கூடாது. தென்னை, பனை வகைகளுக்கு இது அடியோடு பொருந்தாது. அவற்றுக்குக் கேம்பியம் (புதுக்கட்டையை உண்டாக்கும் அடுக்கு) இல்லை, மதில் எழுப்பவும் தெரியாது, புதுக்கட்டையைச் சுற்றிப் போடவும் வழியில்லை. பனைவகையின் அடிமரத்தில் கானோடெர்மா தட்டு தெரிந்துவிட்டால் உள்ளே பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். அங்கே எந்தக் கருவிக்கும் பணம் செலவழிக்காமல் வெட்டிவிடுவதே சரி.

எங்கே முளைத்தால் எது

தட்டு தூரில், மண்ணிலிருந்து அரை மீட்டருக்குள் என்றால் முதலில் தூரைத் திறந்து கம்பி. வேர்கள் ஒரு பக்கத்துக்கு மேல் மெத்தென்றிருந்தால் ஒலிப்படத்தை விட்டுவிட்டு இழுவைச் சோதனைக்குப் போகவும்; தூர் மட்டத்தில் ஒலிப்படத்தின் பொய் அதிகம். வேர் கெட்டி, அடிமரம்தான் சந்தேகம் என்றால் சாய்த்துப் போட்ட ஊசித் துளைகள்.

அடிமரத்தின் நடுவில், பழைய கிளைவெட்டுக் காயத்தில் தட்டு என்றால் ஒலிப்படத்துக்கு அதுதான் ஏற்ற இடம். தட்டின் மட்டத்தில் ஒன்று, ஒரு மீட்டர் மேலும் கீழும் ஒவ்வொன்று. அழுகல் நெடுக்கில் ஓடும் தூரம் குறுக்கில் ஓடுவதைவிட அதிகம். கிளையில் என்றால் சோதனையே தேவையில்லை. கழுத்தை, அதாவது கிளை மரத்தோடு சேரும் பருத்த இடத்தை, விட்டுவிட்டுக் கிளையை வெட்டவும். கரிப்பொருக்கோ காலுறைப் பொருக்கோ தெரிந்தால் ஆய்வகமும் இழுவையும்; ஒலிப்படத்துக்குக் கடைசி இடம்.

மரத்தடியில் ஆள் நடமாட்டமே இல்லையென்றால் இதில் எதுவும் தேவைப்படாமலும் போகலாம். சில சமயம் பெஞ்சை இடம் மாற்றுவது மரத்தை வெட்டுவதைவிட நல்ல முடிவு.

சுவர் எல்லைக்கோட்டில் நிற்கும் மரத்தைத் தலை குறைத்து வைத்துக்கொள்ளலாம். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். உயரத்தில் உள்ள இலைதான் நீண்ட நெம்புகோல். எனவே உள்ளே உள்ள கிளைகளைக் கழிக்காமல், வெளி விளிம்பையும் உச்சியையும் சுருக்கவேண்டும். 10 செ.மீ.க்கு மேற்பட்ட வெட்டு கூடாது. வெட்டும் இடத்தில் மிஞ்சும் பக்கக்கிளை, வெட்டுப்பட்டதில் மூன்றில் ஒரு பங்காவது தடிமன் இருக்கவேண்டும். இலையில் கால்பங்குக்கு மேல் எடுத்தால் மதில் கட்டவும் புதுச்சுவர் போடவும் மரத்திடம் முதல் இருக்காது. உச்சியை மொட்டையடிப்பது அழுகலுக்கு மேலேயும் ஒரு வாசல் வைப்பது.

பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, சிமென்ட் போட்டு அடைப்பது, தண்ணீர் வடிய ஓட்டை போடுவது, பூஞ்சைக்கொல்லி ஊற்றுவது எல்லாம் இன்னும் நடக்கின்றன. சுரண்டலும் ஓட்டையும் மரம் கட்டிய மதிலை உடைக்கும். சிமென்ட் மரத்தோடு சேர்ந்து வளையாமல் சுவரை உள்ளிருந்து அரைக்கும். கட்டைக்குள் ஓடிக் கிடக்கும் இழைகளைச் சென்றடைந்து குணப்படுத்தும் மருந்து கிடையாது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் ஒரே உயரம், ஒரே திசை, ஒரே அளவுகோல் வைத்த படங்களோடு அடுத்த சோதனைக்கு நாள் குறிக்கவும்: கானோடெர்மா போன்ற வெள்ளை அழுகலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தியும் கம்பியும், இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒலிப்படம். வெட்டுவது என்று முடிவானால் சோதனை செய்த அதே மட்டத்தில் அறுத்து, குறுக்குவெட்டைப் பழைய ஒலிப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒலிப்படம் சொன்ன 12 செ.மீ. சுவர் ரம்பத்தின் முன் 9 ஆக நின்றால், அடுத்த மரத்தின் படத்தைப் படிக்கும்போது அந்த மூன்றைக் கழித்துப் படிக்கலாம்.